ஏழு சிவப்பும் ஒரு பச்சையும்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவன் ஓசி. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவானாலும் பூட்டை உடைத்து, லைசன்ஸ் இல்லாமலே ஓட வைத்துக் கொடுப்பான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். விசிட்டிங் கார்டு அடிக்கிறவர், வீட்டு பிளான் போடுகிற என்ஜினீயர், மூன்று பள்ளிக்கூடங்கள், ஒரு வக்கீல், அந்த வக்கீலிடம் வழக்குக்குப் போன போலீஸ்காரர் என்று எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் அவன் கைவரிசை இருந்தது. திறக்கும்போது திரையின் மூலையில் கொசு அளவில் 'ஓசி உபயம்' என்று ஒரு வரி வந்து போகும். அந்த வரி வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவன் முகம் சுருங்கிவிடும். கூலியைக் குறைத்தால்கூட அப்படிச் சுருங்காது.

செருப்புக் கடைக்கு மேலே மாடியில் அவன் கடை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, வயிற்றைத் திறந்து போட்ட கம்ப்யூட்டர்கள், ஒரு பக்கம் மட்டும் காற்று வீசும் ஃபேன். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. "அதுக்கு மட்டும் கிராக் கிடைக்கல" என்று அவனே சொல்லிச் சிரிப்பான், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால்.

ஓசியின் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. திறக்கிறதா, இல்லையா? திறந்த பிறகு அது சரியாக வேலை செய்கிறதா என்பது வாங்கியவன் பாடு. பூட்டு உடைப்பவன் வீட்டுக்குள் போய் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பானா? இருபது வருடமாக அவன் பார்த்ததில்லை. யாரும் திரும்பி வந்து சட்டையைப் பிடித்ததும் இல்லை.

அவனுக்கு ஒரே தங்கை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தங்கையின் கணவன் ஊர்க் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். மைதானத்தில் அவனுக்குப் பெயர் பல்லி. மூலைக்குப் போகிற பந்தைத் தாவிப் பிடித்து, கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு விழுவான். கேலரியில் தோலை அடித்துக் கிழிக்கிற தடியன் ஒருவன் இருந்தான். கொட்டு அடித்து அடித்து அவன் பெயரே மத்தளம் ஆகிவிட்டது. அந்த மத்தளம் வைத்த பெயர்தான் பல்லி. பல்லி ஒரு பந்தைப் பிடித்தால் மத்தளம் மூன்று முறை 'உச்' கொட்டுவான். உடனே நாலாயிரம் பேர் உச் கொட்டுவார்கள். எதிரணிக்காரன் எரிச்சலில் பந்தை வானத்துக்கு அடித்துவிடுவான்.

கேலரியின் கீழ்வரிசையில் இன்சூரன்ஸ் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். நிஜமாகவே பாலிசி விற்பவர். பக்கத் தொழிலாக, தோற்றுக் கொடுக்கச் சொல்லி ஆட்டக்காரர்களைக் காசுக்கு வாங்குவார். ஆட்டம் நடக்கும்போது பந்தைப் பார்க்கவே மாட்டார். போனைத்தான் பார்ப்பார். பல்லியிடம் இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டாவது முறை பல்லி கையுறையைக் கழற்றாமலே ஒரு அறை கொடுத்து அனுப்பினான். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அந்த சீசனில் லீக் ஒரு புது விதி கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கிளப்புகள் 'கழுகு' என்ற மென்பொருளில் வீடியோவை ஓட்டி, தங்கள் ஆட்களைப் பற்றிய அறிக்கையை அனுப்ப வேண்டும். கழுகு ஒவ்வொருவனும் பந்துக்கு எவ்வளவு நேரத்தில் அசைந்தான் என்று அளக்கும். ஒழுங்காக ஆடியவனுக்குப் பச்சை. ஆட்டத்தை விற்றவன் மாதிரி தெரிந்தால் சிவப்பு, எத்தனை சதவீதம் சந்தேகம் என்ற எண்ணோடு. ஏழு சிவப்பு சேர்ந்தால் சீசன் முடிவில் விசாரணை. விசாரணையில் நிரூபணமானால் ஆயுள் தடை.

கழுகின் லைசன்ஸ், மூன்று ஆட்டக்காரர்களின் வருடச் சம்பளம் அளவுக்கு இருந்தது. மற்ற கிளப்புகள் அழுதுகொண்டே வாங்கின. நம் கிளப்பின் செயலாளருக்கு டயர் கடை. ஒட்டுப் போட்ட டயரையே புதுசு என்று விற்கிற மனிதர். அவர் மாடி ஏறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா ஓசி, நம்ம வீட்டுப் பிள்ளை நீ இருக்கும்போது நான் வெளியில போய் காசைக் கொட்டணுமா?"

"எப்ப வேணும் சார்?"

"ஞாயித்துக்கிழமை."

"வெள்ளிக்கிழமையே வாங்கிக்குங்க."

மூன்று மத்தியானத்தில் உடைத்துவிட்டான். 'லைசன்ஸ் இருக்கிறதா' என்று கழுகு கேட்கிற இடத்தைக் கண்டுபிடித்து, பதில் எதுவானாலும் 'இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றினான். இவ்வளவு விலை உள்ள பொருளுக்கு இவ்வளவு சப்பைப் பூட்டா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தன் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டான். மனுஷனுக்கு ஒரு கணத்துக்கு மேல் சந்தேகம் தாங்காது, அதுவும் புகழ் வரும் சமயத்தில்.

மூன்றாவது ஆட்டத்தில் முதல் சிவப்பு வந்தது. பல்லிக்கு, எண்பத்தெட்டு சதவீதம். செயலாளர் தும்மல் வருவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அனுப்பினார். ஐந்தாவது ஆட்டத்தில் இன்னொன்று. பிற்பாதியில் கோல் விழுந்த ஆட்டமெல்லாம் சிவப்பு. அறிக்கையைப் படித்துவிட்டு வீடியோவைப் பார்த்தவர்களுக்குக் கண்ணும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டது. "பாரு, பாரு, இங்கதான் ஒரு நொடி நிக்கிறான்" என்று காட்டினார்கள். அந்த நொடியை அவர்களே உண்டாக்கி அவர்களே பார்த்தார்கள்.

ஏழாவது சிவப்பு வந்ததும் செய்தி வெளியே கசிந்தது. அடுத்த ஆட்டத்தில் மத்தளம் மூன்று கொட்டு கொட்டி நிறுத்தினான்.

"பல்லி! பல்லி!"

"எவ்வளவு? எவ்வளவு?" என்றது கேலரி.

குழந்தைகள் வியாபார விளையாட்டுக்கு வைத்திருக்கும் காகித நோட்டுகளைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து எறிந்தார்கள். பல்லி பந்தை எடுக்கக் குனியும்போதெல்லாம் நோட்டு மழை. அவன் அதை மிதித்துக்கொண்டு நின்று நாலு பந்து தடுத்தான். "நல்லா நடிக்கிறான்டா" என்றார்கள். ஆட்டம் முடிந்ததும் கோச் அவனை பெஞ்சில் உட்கார வைத்தார்.

அதோடு விட்டார்களா? லேபில் ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டே தங்கையிடம் கேட்டார், "சிஸ்டர், என் ரிசல்ட்டை யாருக்கும் வித்துட மாட்டீங்களே?" வரிசையில் நின்றவர்கள் அனைவரும் சிரித்தார்கள், சர்க்கரை அளவு முந்நூறு இருப்பவர்கள் உட்பட. ஒன்பது வயது மகளின் பள்ளிப் பையைத் திறந்தால் புத்தகத்துக்குப் பதில் காகித நோட்டு. கடையில் பல்லி மீதிச் சில்லறைக்குக் கை நீட்டினால், "உங்களுக்கு எதுக்குங்க சில்லறை" என்று கல்லாவை மூடினார் கடைக்காரர். வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு 'எவ்வளவு?' என்று சிவப்புப் பெயின்ட்.

இதையெல்லாம் ஓசி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, நல்ல மனதோடுதான் கேட்டான்.

"மாப்ள, வெளியில போகாது. நமக்குள்ள. எவ்வளவுக்கு?"

பல்லி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். "மச்சான், நான் கோல் வாங்கிருக்கேன். காசு வாங்கினதில்ல."

"நான் உன்னைத் தப்பா நினைக்கலடா. கஷ்டம் யாருக்கு இல்ல? ஆனா கழுகு பொய் சொல்லாது பாரு. நானே கையால திறந்தது."

தங்கை குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "அண்ணா, சாப்பிட்டாச்சுன்னா கையக் கழுவு."

சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தாலும் கழுவினான். என் நல்ல மனசு யாருக்கும் புரிவதில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

தங்கை மகளும் பள்ளி அணியில் கோல்கீப்பர். "மாமா, என்னையும் கழுகுல போட்டுப் பாரு மாமா" என்று பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். பையில் நோட்டு திணித்த சம்பவத்துக்குப் பிறகு குழந்தை வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டான். ஒரு பச்சையை அச்சடித்துக் கொடுத்தால் சிரிப்பாளே என்று, வியாழக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் போனில் எடுத்திருந்த பள்ளி ஆட்டத்தைக் கழுகில் போட்டான். அந்த ஆட்டத்தில் அவள் ஆறு கோல் வாங்கினாள். அதில் ஒன்று, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது.

கழுகு யோசித்தது. சிவப்பு. தொண்ணூற்று நாலு சதவீதம்.

ஓசி விழுந்து விழுந்து சிரித்தான். "குடும்பத் தொழில்!" என்று தனியாக உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொன்னான். சிரிப்பு பாதியில் நின்றது.

எதிரணிக் கோல்கீப்பரையும் அளந்து பார்த்தான். அதுவும் ஒரு வாண்டுதான். பிற்பாதியில் ஒரே ஒரு கோல் வாங்கியவள். சிவப்பு. போன மாத லீக் ஆட்டத்தை எடுத்து, கிளப் எப்போதும் தொடாத எதிரணிக் கோல்கீப்பர் பக்கம் ஓட்டினான். அவனும் சிவப்பு. பத்தாவது நிமிடத்தில் விழுந்த கோல் எல்லாம் பச்சை. எழுபதாவது நிமிடத்தில் விழுந்த கோல் எல்லாம் சிவப்பு. யார் நின்றாலும்.

கழுகின் வயிற்றைத் திறந்து மூன்று மணி நேரம் துழாவிய பிறகு அதைக் கண்டான். வாசலில் இருந்த சப்பைப் பூட்டு ஏமாந்தவர்களுக்காக வைத்தது. உள்ளே இன்னொரு பூட்டு இருந்தது. அது யாரையும் தடுக்காது, சத்தம் போடாது. முதல் பூட்டு உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒரே ஒரு வேலை செய்யும். பந்துக்கு ஒரு கடிகாரம், ஆட்களுக்கு ஒரு கடிகாரம் என்று கழுகில் இரண்டு ஓடும். ஆட்களின் கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒரு நூலளவு பின்னுக்கு இழுத்துவிடும். மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நொடியில் பாதியை வைத்து அளக்கப்படும் கோல்கீப்பருக்கோ, நேரம் ஆக ஆக, பந்து உள்ளே போன பிறகுதான் அவன் தாவியதாகக் கணக்கு வரும். திருடியவனுக்கு ஓடுகிற பொருள்தான் கிடைக்கும், பொய்யாக ஓடுகிற பொருள்.

ஓசிக்கு முதலில் வந்தது பொறாமைதான். என்ன அழகான வேலை! இருபது வருடத்தில் இப்படி ஒரு பொறியை அவன் பார்த்ததில்லை. இதைச் செய்தவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்றுகூட நினைத்தான். அப்புறம்தான் சுவரில் இருந்த சிவப்புப் பெயின்ட் ஞாபகம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தான். ஃபேன் அவன் இல்லாத பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

டயர் கடையில் செயலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கடைப் பையனை வெளியே அனுப்பினார்.

"அப்ப ஏழு ஆட்டத்திலயும் அவன் ஒழுங்காதான் ஆடினான்."

"ஆமா சார்."

"பாவம்." சிறிது நேரம் நிஜமாகவே பாவப்பட்டார். "சரி, இப்ப என்ன செய்யணும்ங்கற?"

"லீக்ல போய் சொல்லணும் சார். கிராக் பண்ணினதுனால வந்த தப்புன்னு."

"சொல்லு. திருட்டு மென்பொருள்ல சீசன் பூரா அறிக்கை அனுப்பினோம்னு கிளப்பை மூடுவாங்க. இருபத்திரண்டு பேர் தெருவுக்கு வருவான். உடைச்சவன் ஜெயிலுக்குப் போவான். ஏம்ப்பா, திரை ஓரத்துல 'ஓசி உபயம்'னு வேற போட்டு வச்சிருக்கியே, போலீஸ் தேடவே வேண்டாமே!"

அந்த வரியை யாராவது படிப்பார்கள் என்று ஓசி இருபது வருடம் ஏங்கியிருந்தான்.

செயலாளர் டயர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வழி சொன்னார். "நம்ம ரெண்டாவது கீப்பர் விரலை உடைச்சுக்கிட்டான். ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு பல்லிதான் நிக்கணும். ஆட்டம் முடிஞ்சதும் லீக் பார்வையாளர் அம்மா விசாரணைக்கு வர்றாங்க. அதுக்குள்ள நீ கழுகைச் சரி பண்ணு. பழைய கேமரா பழுது, இப்பதான் கண்டுபிடிச்சோம்னு நான் சொல்லிடறேன். எட்டு ஆட்டத்தையும் அவங்க கண்ணு முன்னாடி ஓட்டு. எட்டும் பச்சை. எல்லாருக்கும் வீடு, வாசல், மானம். போதுமா?"

போதும் என்றுதான் ஓசிக்குத் தோன்றியது. துள்ளிக் குதித்துக்கொண்டு தங்கை வீட்டுத் தெருவுக்குப் போனான். தெருமுனையிலிருந்து பார்த்தால் பல்லி சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, 'எவ்வளவு?' என்பதில் கேள்விக்குறியை முதலில் அழித்துக்கொண்டிருந்தான். மகள் பக்கத்தில் நின்று பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது போய் என்ன சொல்வது? 'மாப்ள, இதை எழுதினது நான்தான்' என்றா? பச்சையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் அடி கொஞ்சம் குறைவாக விழும். மூன்று நாள்தானே என்று திரும்பி நடந்தான். பல்லி தலையைத் தூக்கி அவன் முதுகைப் பார்த்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

வெள்ளியும் சனியும் இரண்டாவது பூட்டோடு மல்லுக்கட்டினான். வாழ்க்கையில் முதல் முறையாகத் திறந்த பிறகு சோதித்தான். பத்து ஆட்டம் ஓட்டினான். மருமகள் பச்சை, ஷூ லேஸ் கட்டியது உட்பட. ஏழு பழைய ஆட்டங்களும் பச்சை. பச்சை என்றால் சாதாரணப் பச்சையா? 'சந்தேகம் இரண்டு சதவீதம்', 'மூன்று சதவீதம்'. அவன் மாப்பிள்ளை பத்தரை மாற்றுத் தங்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருந்த 'ஓசி உபயம்' வரியை அழித்தான்.

ஞாயிறு. கேலரி நிரம்பி வழிந்தது, ஆட்டத்துக்காக இல்லை, பல்லிக்காக. காகித நோட்டு ஆளுக்கு ஒரு கட்டு. மத்தளத்தின் பக்கத்தில் ஓசி உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரேன்டா" என்றான்.

"உனக்கு மாப்பிள்ளைப் பாசம். எனக்கு கிளப் பாசம்" என்று மத்தளம் தோலை இழுத்துக் கட்டினான்.

எண்பத்து மூன்றாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. எதிரணிக்காரன் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தான். அடித்தான் என்பதே மரியாதைக்கு. உருட்டிவிட்டான். பல்லி குனிந்தான், கை வைத்தான், பந்து கைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து வலைக்குள் போய் நின்றது. நோட்டு கொட்டத் தொடங்கியது.

"வித்துட்டான்டா! கண்ணு முன்னாடியே வித்துட்டான்!" என்று முன்வரிசைக்காரன் ஒருவன் கத்தினான்.

ஓசி இரண்டு வரிசை தாண்டிக் குதித்து அவன் சட்டையைப் பிடித்தான். "என்னடா தெரியும் உனக்கு? இவ்வளவு நாள் நீங்க பண்ணின வேலைல அவனுக்குக் கை நடுங்குது! அவன் யோக்கியன்டா! உன் அப்பனை விட, என்னை விட யோக்கியன்!" ஒரு குத்து விழுந்து உதடு கிழிந்தது. அப்படியும் விடவில்லை. மத்தளம் வந்துதான் பிரித்தான். ஓசிக்கு ஒரே பெருமை. முதல் முறையாக மாப்பிள்ளைக்காக ரத்தம் சிந்தியிருக்கிறான்.

கிளப் ஆபீசின் பின்னறையில், கோப்பைகளும் கிழிந்த வலைகளும் குவிந்த மேஜையில் லேப்டாப்பை வைத்தான். பார்வையாளர் அம்மா முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பேனாவை அவரே கொண்டு வந்திருந்தார். புத்தி வந்த மனிதனாயிற்றே, ஓசி அன்றைய ஆட்டத்தை முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

சிவப்பு. தொண்ணூற்று ஏழு.

கழுகு இந்த முறை பொய் சொல்லவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். பந்து வருவதற்கு முன்பே பல்லியின் இடது கை ஒரு சாண் விலகியிருந்தது. நடுங்கிய கை அப்படி விலகாது. விலக்கிய கைதான் அப்படி விலகும். கீழ்வரிசையில், எப்போதும் போனைப் பார்க்கிற இன்சூரன்ஸ் அந்த ஒரு கணம் மட்டும் தலையைத் தூக்கிப் பந்தைப் பார்ப்பதும் வீடியோவின் ஓரத்தில் தெரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். "அண்ணா, உதட்டுல என்ன ரத்தம்?" என்றவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அந்த ஒரு கோல் போச்சே, அது ஒண்ணும் பண்ணாதே? கேமரா பழுதுன்னு செயலாளர் சொன்னார். எனக்கு அப்பவே தெரியும்ணா. அந்த மனுஷனுக்கு அடுத்தவங்க பேனாவைக்கூட எடுக்கத் தெரியாது." அவள் கையிலும் சுவர் தேய்த்த மண்ணெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

"ஒண்ணும் பண்ணாது. நீ போய் உக்காரு."

அவள் போனதும், கழுகு தீர்ப்பு எழுதும் இடத்துக்குப் போனான். அன்றைய ஆட்டத்துக்கு, சிவப்பைக் குறிக்கும் ஒன்றைப் பச்சையைக் குறிக்கும் சைபராக மாற்றினான். ஏழு பொய்ச் சிவப்பு போட்டவன் ஒரு பொய்ப் பச்சை போடக் கூடாதா? இரண்டு நிமிட வேலை. உதட்டை நக்கினான். உப்புக் கரித்தது.

பார்வையாளர் அம்மா முன்னால் எட்டு ஆட்டங்களும் வரிசையாக ஓடின. பச்சை. பச்சை. பச்சை. அவர் ஒவ்வொன்றுக்கும் பரீட்சைத் தாள் மாதிரி ஒரு டிக் அடித்தார். ஏழாவது பச்சையில் தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பல்லி நாற்காலி நுனியில், கையுறையோடு உட்கார்ந்திருந்தான். ஏழு பச்சைக்கும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டே வந்தது. எட்டாவது பச்சை வந்ததும் இறுகிவிட்டது. திரையிலிருந்து கண்ணை எடுத்து ஓசியைப் பார்த்தான்.

"கேமரா மேல நடவடிக்கை எடுங்க" என்று பார்வையாளர் அம்மா பேனாவை மூடினார். "இவர் பேர்ல ஒண்ணுமில்ல."

வராந்தாவில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"கேமரா பழுதா மச்சான்?"

ஓசி லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"ஏழு பச்சை சரி. எட்டாவது எப்படிப் பச்சையாச்சு?"

"நான்தான் மாப்ள. அந்த ஏழையும் சிவப்பாக்கினதும் நான்தான். வேணும்னு பண்ணல. கழுகை உடைச்சேன், அதைச் செஞ்சவன் உள்ள ஒரு பொறி வச்சிருந்தான், கவனிக்கல."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை."

பல்லி தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால் ஓசி தாங்கியிருப்பான்.

"வியாழக்கிழமை தெருமுனை வரைக்கும் வந்த. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போன. சொந்த மச்சானே முகம் பார்க்க மாட்டேங்கறான், இனி யாருக்காகடா யோக்கியனா இருக்கணும்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் வந்தார். வாங்கிட்டேன்."

"மாப்ள, அதான் பச்சையாக்கிட்டேனே. யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?" பல்லி முதல் முறையாகச் சிரித்தான். "அவர் என்ன சொன்னார் தெரியுமா? உனக்கு எப்படியும் எட்டாவது சிவப்பு வரும், தடை போட்டுடுவாங்க, தடை போட்ட ஆளு எங்களுக்கு எதுக்கு, ஒரே ஒரு ஆட்டம், அதோட உன்னை விட்டுடறோம்னார். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அப்புறம் பந்தே தொட வேண்டாம், எங்கயாவது போய் ஒரு கடை வச்சுப் பிழைச்சுக்கலாம்னு. நீ என்னை இன்னும் பத்து வருஷம் அவருக்காக ஆட விட்டுட்ட மச்சான்."

வெளியே செய்தி பரவிவிட்டது. மத்தளம் மூன்று கொட்டு கொட்டினான். நாலாயிரம் பேர் உச் கொட்டினார்கள். "பல்லி, மன்னிச்சுக்கோ! பல்லி, வெளிய வா!" என்று கேட் கம்பியைப் பிடித்து ஆட்டினார்கள். தங்கை மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள்.

பல்லியின் ட்ராக் சூட் பையில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு எடுத்தான்.

"ம்... ஆமாங்க. பச்சைதான்... தெரியலைங்க... இல்லைங்க, அறையெல்லாம் மாட்டேங்க." சிறிது நேரம் கேட்டான். பிறகு போனை ஓசியிடம் நீட்டினான்.

"வித்த ஆட்டத்தை யாரு பச்சையாக்கினதுன்னு கேக்குறார். அந்த ஆளோட பேசணுமாம்."

கேட் திறந்துகொண்டது. கூட்டம் உள்ளே பாய்ந்து பல்லியைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. ஓசி போனைக் காதில் வைத்தான். கிழிந்த உதட்டில் வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஆனாலும் இருபது வருடக் கடைப் பழக்கம், குரல் தானாக வந்துவிட்டது.

"சொல்லுங்க சார். எப்ப வேணும்?"